முதல் வரியில் 48,216ஆவது எழுத்து: கேள்வி-பதில்

கேள்வி: என் மகன் கோலாலம்பூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறான். நடுராத்திரியில் “முதல் வரியில் 48,216ஆவது எழுத்தில் தப்பு” என்று தனியாகப் புலம்புகிறான். அவ்வளவு நீளமான வரி உலகத்தில் உண்டா? டாக்டரிடம் காட்டலாமா?
(ஒரு தாய், தம்பின்)

பதில்: வேண்டாம் அம்மா, பிள்ளை தெளிவாகத்தான் இருக்கிறான். அவன் எழுதிய புரோகிராம், அதாவது நிரல், பத்திப் பத்தியாக, பல கோப்புகளாக, நாம் படிக்கிற மாதிரிதான் இருந்திருக்கும். அதை இணையத்தில் ஏற்றுவதற்கு முன் ஒரு கருவி எல்லாவற்றையும் ஒன்றாகத் திரட்டும். இடைவெளிகளையும் அவன் தனக்காக எழுதி வைத்த குறிப்புகளையும் வழித்தெறியும். ‘வாடிக்கையாளர் நிலுவை’ என்று ஆசையாக வைத்த பெயரை ‘டி’ என்று ஓரெழுத்தாக்கும். கடைசியில் எல்லாம் ஒரே வரியாகிவிடும். கைப்பேசியில் சீக்கிரம் இறங்கவேண்டும் என்பதற்காக இவ்வளவும். மினிஃபை என்று பெயர். டைப்ஸ்கிரிப்ட் என்ற மொழியில் எழுதியிருந்தால் அதை பிரவுசருக்குப் புரிகிற ஜாவாஸ்கிரிப்டாக மாற்றும் சடங்கும் இதற்கு முன்னால் நடந்திருக்கும்.

பிரவுசர் கண்ணில் படுவது அந்த ஒற்றை வரிதான். தப்பு நடந்தால் அதில் எத்தனையாவது எழுத்து என்று மட்டும் சொல்லிவிட்டுக் கையை விரிக்கும். அந்த எண்ணை வாங்கிக்கொண்டு, மகன் எழுதிய கோப்புக்கும் வரிக்கும் திருப்பிக் கூட்டிப்போவதுதான் சோர்ஸ் மேப். அவன் புலம்புகிறான் என்றால் அது இல்லை, அல்லது இருப்பது பழையது. ஒரு கோப்பி ஓ கலக்கிக் கொடுத்துவிட்டு நீங்கள் தூங்குங்கள்.

கேள்வி: தோட்டத்துக் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பேரன் சோர்ஸ் மேப், சோர்ஸ் மேப் என்கிறான். எனக்குப் புரிகிற மாதிரி சொல்லமுடியுமா?
(பெயர் வேண்டாம், ரெப்பா)

பதில்: உங்களுக்குச் சொல்வதுதான் சுலபம் ஐயா. நீங்கள் காலமெல்லாம் எழுதியதே அதுதான். வெட்டு முடிந்து பால் ஸ்டோருக்கு வரும். ஒவ்வொருவர் வாளியையும் நிறுத்து, மெட்ரோலாக்கை மிதக்கவிட்டு, ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்ப்பீர்கள். பேர், நிரை, எடை எல்லாம் புத்தகத்தில் ஏறும். அடுத்த நிமிடம் பால் தொட்டிக்குள். அதன்பிறகு தொட்டியை எட்டிப் பார்த்து, இது யார் வெட்டிய பால் என்று பெரிய துரையாலும் சொல்லமுடியாது. புத்தகம்தான் சொல்லும்.

நிரலைத் திரட்டும் கருவி அந்தத் தொட்டி. திரட்டிக்கொண்டே அது புத்தகமும் எழுதுகிறது: இந்த இடத்திலுள்ள எழுத்து, இன்ன கோப்பில் இன்ன வரியில் இத்தனையாவது எழுத்திலிருந்து வந்தது. உங்கள் புத்தகத்தைவிட ஒரு படி மேல் என்றே சொல்லலாம். தொட்டியில் ஒரு சொட்டைத் தொட்டுக் காட்டினால் மரத்தையே காட்டும். தண்ணீர் கலந்தவர் தப்பமுடியாது. இன்னொன்று: ரப்பர் கப்பலேறியது, புத்தகம் ஆபீசிலேயே இருந்தது. கீழே ஒரு முதலாளிக்கு இதையே சொல்லப்போகிறேன்.

கேள்வி: ஒரு மேப் கோப்பைத் திறந்து பார்த்தேன். ஆங்கில எழுத்தில் ஏஏஏஏ, காற்புள்ளி, அரைப்புள்ளி என்று கீபோர்டில் பூனை நடந்த மாதிரி இருக்கிறது. கோப்பு கெட்டுவிட்டதா?
(கல்லூரி மாணவி, கிம்மாஸ்)

பதில்: பூனைக்கு இவ்வளவு ஒழுங்கு வராது. அது ஒரு ஜேசன் கோப்பு. அதில் பதிப்பு எண் 3 என்று இருக்கும். மூலக் கோப்புகளின் பட்டியல், சுருங்குவதற்கு முன்னிருந்த பெயர்களின் பட்டியல், விரும்பினால் மூல நிரல் முழுவதும், இவை எல்லாம் படிக்கிற மாதிரியே இருக்கும். ‘மேப்பிங்ஸ்’ என்ற பகுதிதான் பூனை நடந்த இடம்.

அரைப்புள்ளி வந்தால், திரட்டிய நிரலில் அடுத்த வரி தொடங்குகிறது என்று பொருள். காற்புள்ளி ஒரு துண்டை அடுத்த துண்டிலிருந்து பிரிக்கிறது. ஒரு துண்டில் பெரும்பாலும் நான்கு எண்கள்: திரட்டிய வரியில் எத்தனையாவது எழுத்து, எந்த மூலக் கோப்பு, அதில் எந்த வரி, அந்த வரியில் எத்தனையாவது எழுத்து. பெயர் மாறிய இடமானால் பழைய பெயரைக் காட்ட ஐந்தாவது எண். எண்ணை எண்ணாகவே எழுதினால் கோப்பு பெருத்துவிடும் என்று எழுத்தாக எழுதுகிறார்கள். ‘ஏ’ என்றால் 0. ‘சி’ 1, ‘டி’ கழித்தல் 1, ‘இ’ 2, ‘எஃப்’ கழித்தல் 2. நடுவில் நிற்கும் ‘பி’ கழித்தல் பூஜ்யம். பாவம், அதற்கு வேலையே இல்லை. கழித்தல் 15 முதல் 15 வரை ஓரெழுத்தில் அடங்கும். பெரிய எண்ணுக்குக் கூடுதல் எழுத்து. ஆக, நீ பார்த்த நான்கு ‘ஏ’யும் ‘தொடக்கத்தின் தொடக்கம்’ என்கின்றன: முதல் கோப்பு, முதல் வரி, முதல் எழுத்து.

இதில் கெட்டிக்காரத்தனம் எங்கே என்றால், எந்த எண்ணும் முழு எண் இல்லை. எல்லாம் முந்தைய துண்டிலிருந்து எவ்வளவு நகர்ந்தது என்ற வித்தியாசம்தான். 900ஆவது வரியிலிருந்து 901க்குப் போக ஒரே ஒரு ‘சி’ போதும். கோப்பு சுருங்குகிறது, சந்தோஷம். ஆனால் தொடர்கணக்கில் நடுவே ஓரிடம் பிசகினால் அதன்பிறகு வருவதெல்லாம் பிசகும். புது வரி தொடங்கும்போது முதல் எண் மட்டும் பூஜ்யத்திலிருந்து மறுபடி எண்ணத் தொடங்கும், மற்றவை தொடரும். எல்லாம் ஒரே வரியாக இருந்தால் அந்த ஆறுதலும் கிடையாது. நாலைந்து துண்டுகளைக் கையாலேயே பிரித்துப் பார். அப்புறம் எந்த மேப்பைக் கண்டும் பயம் வராது.

கேள்வி: மேப் வைத்தால் என் கடையின் இணையத்தளம் மெதுவாகுமா?
(துணிக்கடைக்காரர், சிரம்பான்)

பதில்: ஆகாது. பிரவுசருக்குள் இருக்கும் டெவ்டூல்ஸ் என்ற பிழைகாண் கருவியைத் திறந்தால்தான் பிரவுசர் மேப்பை இறக்கும். தீபாவளிக்குப் புடவை வாங்க வந்தவர் அதை ஏன் திறக்கிறார்? மேப்பைத் தனிக் கோப்பாக வைக்காமல் நிரலுக்குள்ளேயே திணித்திருந்தால் மட்டும் கதை வேறு. புடவை வாங்க வருகிறவர் எல்லாரும் அதையும் சுமந்துகொண்டுதான் கடைக்குள் வருவார்கள்.

கேள்வி: இதைக் கண்டுபிடித்தவர் தமிழரா?
(ஆவலுடன், அலோர் காஜா)

பதில்: இல்லை. 2009இல் கூகுள் தன் குளோஷர் கம்பைலரை வெளியிட்டபோது கூடவே ஃபயர்பாக்ஸுக்கு ஒரு சோதனைக் கருவியும் வந்தது. அதற்காகப் பிறந்ததுதான் சோர்ஸ் மேப். முதல் வடிவம் ஊளைச்சதையோடு கிடந்தது. இன்று நாம் பார்க்கும் மூன்றாவது வடிவத்தை 2011இல் எழுதியவர்கள் கூகுளின் ஜான் லென்ஸும் மொசில்லாவின் நிக் ஃபிட்ஸ்ஜெரால்டும். வேடிக்கை அதன்பிறகு. உலகத்துப் பிரவுசர்களும் கருவிகளும் நம்பியிருந்த அந்த விதிமுறை, கூகுள் டாக்ஸில் கிடந்த ஓர் ஆவணம். முத்திரை இல்லை, அதிகாரி இல்லை. எழுதாத இடங்களை ஒவ்வொருவரும் தங்களுக்குத் தோன்றியபடி நிரப்பிக்கொண்டார்கள். 2024 டிசம்பரில்தான் எக்மா அமைப்பு அதை எக்மா-426 என்ற தரமாக வெளியிட்டது.

தமிழரைத் தேடித்தான் தீருவேன் என்றால், முரசு அஞ்சலும் செல்லினமும் செய்த நம் நாட்டு முத்து நெடுமாறன் இருக்கிறார். அது வேறு கணக்கு, ஆனால் இந்தப் பதிலைத் தட்டச்சு செய்வதற்கு உதவும் கணக்கு.

கேள்வி: நான் நிரலில் மாறிகளுக்குத் தமிழில் பெயர் வைக்கிறேன். கூட வேலை செய்பவர்கள் சிரிக்கிறார்கள். சோர்ஸ் மேப் தமிழைத் தாங்குமா?
(தமிழ்ப்பள்ளியில் படித்த புரோகிராமர், பகாவ்)

பதில்: சிரிக்கட்டும். ஜாவாஸ்கிரிப்டில் தமிழ்ப் பெயர் சட்டப்படி செல்லும். மினிஃபை செய்தால் உங்கள் தமிழும் அவர்கள் ஆங்கிலமும் ஒன்றுபோல ஓரெழுத்தாகிவிடும். மேப்பின் பெயர்ப் பட்டியலில் தமிழ் தமிழாகவே நிற்கும்.

ஆனால் உங்கள் கேள்வி நீங்கள் நினைத்ததைவிட நல்ல கேள்வி. ‘தம்பின்’ என்ற பெயரில் எத்தனை எழுத்து? த, ம், பி, ன் என்று நான்கு என்பார் தமிழாசிரியர். யூனிகோடு ஏழு என்கிறது: த, ம, புள்ளி, ப, இகரக் கொக்கி, ன, புள்ளி. யூடிஎஃப்-8இல் சேமித்தால் ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக 21. மூவர் சொல்வதும் சரிதான். சோர்ஸ் மேப் எதை நம்புகிறது? ஜாவாஸ்கிரிப்ட் எண்ணுகிற யூடிஎஃப்-16 கணக்கை. அதன்படி ஏழு. ஒரு கருவி அசட்டையாகப் பைட்டை எண்ணி எழுதிவிட்டால், அந்த வரியில் ‘தம்பின்’ வந்த இடத்துக்குப் பிறகு எல்லாம் 14 இடம் தள்ளி விழும். ஆங்கிலத்தில் மட்டும் எழுதுகிறவர் இந்தத் தவறை ஆயுளுக்கும் பார்க்கமாட்டார், ஏனென்றால் அங்கே எந்தக் கணக்கில் எண்ணினாலும் ஒரே விடை. நீங்கள் முதல் நாளே பார்த்துவிடுவீர்கள்.

ஈஎஸ்பில்ட் போன்ற திரட்டும் கருவி, நாம் தடுத்துச் சொல்லாவிட்டால், தமிழெழுத்தை அப்படியே விடாமல் ஒவ்வொன்றையும் ஆறு குறிகள் கொண்ட குறியீடாக்கி எழுதும். ஏழு ஆறு 42. நான்கெழுத்து ஊர் வீங்கி நிற்பதைப் பார்த்து மிரளவேண்டாம், ஓடும்போது அது ‘தம்பின்’ ஆகவே ஓடும். ஒரு சோதனை செய்யுங்கள்: தமிழ்ச் சரம் உள்ள வரியில், அதற்கு வலப்பக்கத்தில் வேண்டுமென்றே ஒரு தப்பை வைத்து, மேப் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பாருங்கள். தள்ளி விட்டால், கருவியை எழுதியவருக்கு உடனே தெரிவியுங்கள். ஜப்பானியரும் அரபியரும் உங்களுக்கு நன்றி சொல்வார்கள்.

கேள்வி: எங்கள் பையன்கள் மேப் கோப்பை இணையத்தில் வெளிப்படையாக வைத்துவிட்டார்கள். மொத்த ரகசியமும் போச்சா? பையன்களை நீக்கலாமா?
(முதலாளி, கோலப்பிலா)

பதில்: முதலில் மூச்சு விடுங்கள். பிரவுசரில் ஓடும் நிரல் எப்படியும் வாடிக்கையாளர் கைக்குப் போகிற சரக்கு. சுருக்கி எழுதியது பூட்டு ஆகாது. பொறுமையுள்ளவர் மேப் இல்லாமலே படித்துவிடுவார். மேப் அவருக்குப் பொறுமையை மிச்சப்படுத்துகிறது, அவ்வளவுதான். ஆனால் கோப்புப் பெயர்களும் அடுக்கிய விதமும் அதில் எப்படியும் இருக்கும். மூல நிரலையும் அதற்குள் சேர்த்திருந்தால் ‘முதலாளி கேட்டதற்காக இந்த அசிங்கம்’ என்று பையன் எழுதிய குறிப்பு எல்லாம் வெளியே போயிருக்கும். அதில் கடவுச்சொல்லும் இருந்தால் உடனே மாற்றுங்கள். பிரவுசருக்கு அனுப்பும் நிரலில் கடவுச்சொல் வைத்தது தனிக் குற்றம், மேப்பின் மேல் பழி போடாதீர்கள்.

இனிமேல் செய்யவேண்டியது ரெப்பா ஐயாவுக்குச் சொன்னதுதான். புத்தகம் ஆபீசில் இருக்கட்டும். நிரலின் கடைசியில் மேப்பின் முகவரியைச் சொல்லும் ஒற்றை வரிக் குறிப்பை எடுத்துவிட்டு, மேப் கோப்பை சென்ட்ரி போன்ற பிழைகாண் சேவைக்கு மட்டும் அனுப்பலாம். வெப்பேக் என்ற திரட்டும் கருவியில் ‘மறைந்த மேப்’ என்று இதற்கே ஒரு வகை இருக்கிறது. வாடிக்கையாளருக்குச் சரக்கு, உங்களுக்குக் கணக்கு. பையன்களை வைத்துக்கொள்ளுங்கள், மேப்பே செய்யாத பையன்களைவிட இவர்கள் தேவலை.

கேள்வி: மேப் இருக்கிறது. ஆனால் நிறுத்தப் புள்ளி வைத்தால் காலி வரியில் போய் நிற்கிறது. ஏவல் பில்லி சூனியமா?
(நைட் ஷிப்ட், தம்பின்)

பதில்: நேற்றைய மேப், இன்றைய நிரல். பத்தில் எட்டுப் பேருக்கு இதுதான் என்பது என் ஊகம். ஒவ்வொரு பில்டுக்கும் அதனுடைய மேப்தான் பொருந்தும். கேஷில் பழையது ஒட்டிக்கொண்டிருக்கும், அழித்துவிட்டுப் பாருங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்திருக்கும். டைப்ஸ்கிரிப்ட் ஒரு மேப் எழுதும், திரட்டுகிற கருவி ஒன்று, சுருக்குகிற கருவி ஒன்று. அடுத்த கருவி முந்தையதன் மேப்பை வாங்கித் தன்னுடையதோடு சேர்க்காவிட்டால், நீங்கள் எழுதாத ஏதோ ஓர் இடைக்கட்டத்தில் போய் நிற்பீர்கள்.

மாறியின் மதிப்பு மட்டும் தெரியவில்லை என்றால் அது உங்கள் குற்றமில்லை. மூன்றாவது வடிவம் இடத்தையும் பெயரையும் காட்டும். எந்த மாறி எதுவரை உயிரோடிருக்கும் என்பதை எழுதி வைப்பதில்லை. அதைச் சேர்க்கும் வேலை நடந்துகொண்டிருக்கிறது.

கேள்வி: தம்பின் ரயில் நிலையம் மலாக்கா மாநிலத்தில் இருக்கிறதே, இதற்கு ஒரு மேப் போடக்கூடாதா?
(கொமுட்டர் பயணி, பூலாவ் செபாங்)

பதில்: பலகையில் ‘பூலாவ் செபாங்/தம்பின்’ என்று இரண்டையும் எழுதிவிட்டார்களே, அது போதாதா? அங்கிருந்து மலாக்கா நகருக்குப் போன கிளைப்பாதைக்குத்தான் வழியில்லை. ஜப்பானியர் காலத்தில் அதைப் பெயர்த்துச் சயாம் மரண ரயிலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

கேள்வி: இனி ஏஐ நிரல் எழுதும், ஏஐ பிழை திருத்தும். சோர்ஸ் மேப் எதற்கு?
(எதிர்காலவாதி, சிரம்பான்)

பதில்: ஏஐ எழுதினாலும் பிரவுசருக்குப் போவது அதே ஒற்றை வரிதான். ‘டி என்பது ஃபங்ஷன் இல்லை’ என்று மட்டும் அதனிடம் கொடுத்துப் பாருங்கள், அழகான கதை சொல்லும். மேப் வழியாகத் திருப்பிய கோப்புப் பெயரையும் வரி எண்ணையும் கொடுத்தால் வேலை செய்யும்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பிழைச் செய்தியை எழுத்தாகவே ஒட்டி அனுப்புங்கள். திரையைக் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்புகிறீர்கள். வரி எண் இருக்கும் பக்கம்தான் எப்போதும் வெட்டுப்பட்டு வருகிறது.