மைக்கைக் கேளுங்கள்

கேள்வி: எங்கள் சபையில் பாஸ்டர் வாயைத் திறந்தாலே மைக் ‘கூய்ய்ய்’ என்கிறது. மிக்ஸரில் உட்கார வந்திருக்கும் தம்பிகளுக்கு முதலில் எதைக் கற்றுக்கொடுப்பது?
- ஒரு வாசகர், வெள்ளிமலை, கல்வராயன் மலை

பதில்: குறைக்கக் கற்றுக்கொடுங்கள். ஏற்றுவதற்கு யாருக்கும் பயிற்சி தேவையில்லை, பிறவிஞானம்!

ஸ்பீக்கரில் வந்த சத்தம் மறுபடி மைக்குக்குள் புகுந்து சுற்றிச் சுற்றி வருவதுதான் அந்தக் ‘கூய்’. ஸ்பீக்கர் முன்னால், மைக் அதற்குப் பின்னால். பாதி பிரச்சினை தீரும். மீதிப் பாதி, பாடுகிறவர் மைக்கின் தலையைக் கைக்குள் பொத்திப் பிடிப்பதால். பார்க்க ஸ்டைல்தான். ஆனால் பின்பக்கச் சத்தத்தைத் தள்ளிவிடும் துளைகளும் அதோடு அடைபட்டுவிடும். மைக்கின் கழுத்துக்குக் கீழே பிடிக்கச் சொல்லுங்கள். பேசாதவர் மைக்கை மியூட்டில் போடுங்கள். இருமலுக்கு ஆமென் வேண்டாம்.

திறந்தவெளிக் கூட்டமா? ஸ்பீக்கரை மலைப்பக்கம் திருப்பாதீர்கள். 340 மீட்டரில் பாறை இருந்தால் இரண்டு நொடியில் பிரசங்கம் திரும்பி வரும். பாஸ்டருக்கே பதில் சொல்லும்!

அக்கம்பக்கத்தாருக்கும் காது உண்டு. சென்னை மெஜஸ்டிக் காலனி வழக்கில், பிறர் அமைதியைக் குலைத்து ஜெபிக்கச் சொல்லும் மதம் எதுவுமில்லை என்று 2000-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இரவு 10 முதல் காலை 6 வரை வெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை.