பழைய ஹெரால்டின் இன்ஜினை அறியும் அளவைகள்: ஓர் ஆய்வு

1. ஆய்வுக் களம்

கோவென்ட்ரியில் 1959-இல் டிரையம்ப் ஹெரால்டாகப் பிறந்து, 1961 முதல் மதராஸில் ஸ்டாண்டர்ட் ஹெரால்டாக வளர்ந்த 948 சி.சி. காரே இவ்வாய்வின் களம். 50 ஆண்டு கடந்து, பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டியே விண்டேஜ் என்று 2021-இல் மத்திய அரசு விதி வகுத்தது. ஹெரால்டு அதற்குள் அடங்கும். களத்தேர்வுக்கு இன்னொரு காரணமும் உண்டு. இதன் பானெட்டும் மட்கார்டும் ஹெட்லைட்டும் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழும். ஆய்வாளர் முன் டயரின் மேல் உட்கார்ந்தபடியே இன்ஜினை ஆராயலாம். உட்கார்ந்து செய்யும் ஆய்வுகளே முற்றுப்பெறும் என்பது கல்வியுலகம் அறிந்தது.

2. முன்னோர் கருத்து

"இன்ஜினைப் பத்திப் பேச்சே வேணாம் சார், பூ மாதிரி ஓடும்" என்பது விற்பவர் மரபு. "போர் வேலை இருக்கு சார்" என்பது கூட வரும் மெக்கானிக் மரபு. இரண்டும் பானெட்டைத் திறக்கும் முன்பே சொல்லப்படுவன. ஆதலின் இரண்டையும் ஒதுக்கிவிட்டு, நம் அளவை நூலார் வகுத்த காட்சி, கருதல், உரை என்னும் மூன்றன்வழிப் புகுவாம்.

3. காட்சி

முதலில் பானெட்டைத் தொட்டுப் பார்க்க. சுட்டால், நாம் வருமுன்பே யாரோ ஓட்டி வைத்திருக்கிறார்கள். முதல் ஸ்டார்ட்டின் திணறலும் புகையும் சூடான இன்ஜினில் மறைந்துபோகும். இன்னொரு நாள் காலையில், சொல்லாமல் வருக.

அடுத்து ஆயில் மூடி. அதன் உட்புறம் மோர் நிறத்தில் குழம்பாக ஒட்டியிருந்தால், ஆயிலில் தண்ணீர் கலக்கிறதா, ஹெட் கேஸ்கெட் போய்விட்டதா என்று ஐயுறுக.

ஆயில் ஒழுகலே இல்லாத இன்ஜினைக் கண்டு மகிழற்க. இன்மையாலும் ஒன்றை அறியலாம் என்பர் அளவை நூலார். அரை நூற்றாண்டு இன்ஜினில் ஒழுகல் இன்மையால் அறியப்படுவது, நேற்று டீசல் போட்டுக் கழுவினார்கள் என்பதே.

இனி இருவர் சேர்ந்து செய்யும் சோதனை. ஒருவர் உள்ளே கிளட்சை மிதித்து மிதித்து விட, மற்றவர் இன்ஜினின் முன்னால் உள்ள கிராங்க் புல்லியை நோக்குக. அது கண்ணுக்குத் தெரியும்படி முன்னும் பின்னும் அசைந்தால் திரஸ்ட் வாஷர் தேய்ந்திருக்கிறது. அந்த வாஷர் கழன்று விழுந்தால், கிராங்க் பிளாக்கையே அரைத்துவிடும். இக்குடும்பத்து இன்ஜின்களுக்கு இது பரம்பரை நோய்.

4. கருதல்

புகையைக் கண்டு நெருப்பை அறிவது பழைய தருக்கம். இங்கே நெருப்பு இருப்பது முன்பே தெரியும். அதில் வேறு என்னென்ன எரிகின்றன என்பதே வினா. நீலப் புகை ஆயிலால் வருவது. ஆக்சிலேட்டரை மிதிக்குந்தோறும் வந்தால் ரிங் போய்விட்டது. நின்ற வண்டியை எடுத்ததும் மட்டும் வந்து அடங்கினால் வால்வு கைடைப் பார்க்க. கறுப்புப் புகை பெட்ரோல் மிகையால் வருவது. பெரும்பாலும் கார்புரேட்டரோடு தீரும். வெள்ளைப் புகை மார்கழிக் காலையில் சற்றே வந்து போனால் வெறும் ஈரம். சூடேறிய பின்னும் நிற்காமல் வந்தால், எரிவது ரேடியேட்டர் தண்ணீர்.

ஐயம் தீராவிடில் பிளக்குகளைக் கழற்றி, கம்ப்ரஷன் கேஜால் நான்கு சிலிண்டரையும் அளக்க. அளவுகள் 10 விழுக்காட்டுக்குள் ஒத்துப்போதல் நன்று. குறைந்து நிற்கும் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மீண்டும் அளக்க. அளவு ஏறினால் குற்றவாளி ரிங். ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். ஒரு ஸ்பூன் ஆயில் செலவில் இவ்வளவு தெளிவு தரும் ஆராய்ச்சி பல்கலைக்கழகங்களிலும் அரிது.

5. உரை

நம்பத்தக்கார் சொல்லே உரை. ஆதலால் புரோக்கர் சொல் இதனுள் அடங்காது. ஆர்.சி. புத்தகமே ஆகமம். அதிலுள்ள இன்ஜின் நம்பரும் பிளாக்கில் பொறித்த நம்பரும் ஒத்திருக்க வேண்டும். ஒவ்வாவிடில், இதுகாறும் நாம் ஆராய்ந்தது வேறொரு காரின் இன்ஜினை.

6. முடிபு

ரிங், வால்வு, கேஸ்கெட் ஆகியவை செலவு வைப்பன. பிளாக்கை அரைத்த கிராங்க் ஆளையே கவிழ்ப்பது. அதைக் கண்டால் விலகுக. இதைச் சொல்வது நம் கடமை. கேட்பார் இலர் என்பதும் நாம் அறிந்ததே. ஏனெனில் பழைய கார் வாங்க வருபவர், வாங்குவதென்று வீட்டிலேயே முடிவு செய்துவிட்டு வருகிறார். வாங்கலாமா என்ற வினாவுக்கு இன்ஜின் சோதனை விடை தருவதில்லை. எவ்வளவு குறைக்கலாம் என்பதற்கே தருகிறது. சான்று வேண்டின், நான்கு சிலிண்டரும் ஒரே அளவு காட்டி, புகையும் இன்றி, புல்லியும் அசையாது நிற்கும்போது, வாங்க வந்தவர் முகத்தைக் காண்க. பேரம் பேச ஒரு பிடியும் கிடைக்காமல் அது வாடியிருக்கும்.