திருவிழாக் கமிட்டியில் தோன்றா எழுவாய்: ஓர் ஆய்வு

தமிழ் இலக்கணத்தில் தோன்றா எழுவாய் என்று ஒன்று உண்டு. ‘படித்தாய்’ என்றால் ‘நீ’ வெளியே தெரியாமல் உள்ளே இருக்கிறது. கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸில் ஒரு திருவிழாக் கமிட்டிக்கு இணைச் செயலாளராக இருந்து நான் கண்டுபிடித்தது இதன் முற்றிய வகை: உள்ளேயும் ஆள் இல்லை.

சான்று: “மைக் செட் சொல்லியாச்சு.” கூட்டத்தில் மூன்று பேர் இதைச் சொன்னார்கள். திருவிழாவன்று மைக் செட் வரவில்லை. விசாரித்தால், மற்ற இருவரில் ஒருவர் சொல்லியிருப்பார் என்று நம்பித்தான் மூவரும் அப்படிச் சொல்லியிருந்தார்கள். ‘ஆச்சு’ என்ற சொல்லுக்கு எழுவாய் தேவையில்லை. கமிட்டிகள் அதன்மேல்தான் நிற்கின்றன.

இதற்கு மருந்து 13ஆம் நூற்றாண்டிலேயே இருக்கிறது. வினைமுற்று என்றால் ஆறு தெரிய வேண்டும் என்கிறார் நன்னூல் எழுதிய பவணந்தி: யார், எதைக்கொண்டு, எங்கே, என்ன செயல், எப்போது, எந்தப் பொருளை. அந்நூலை எழுதச் சொன்ன சீயகங்கன், கல்வெட்டுகளில் தன்னைக் குவளாலபுரத்துக்கு உரியவனாகச் சொல்லிக்கொண்டவன். குவளாலபுரம் நம் கோலார்தான். ஆகவே நன்னூல் நம்மூர்ச் சொத்து என்பது என் துணிபு. (பட்டா கேட்காதீர்கள், இங்கே வீட்டுக்கே கிடைப்பது கஷ்டம்.)

“தண்ணியப் பாத்துக்கப்பா” என்பதை இந்த உரைகல்லில் உரசிப் பாருங்கள். ஆறில் பாதி தேறாது. அப்படிச் சொல்லப்பட்ட பையன் நாள் முழுக்கத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். அந்த ஆறில் எப்போது என்பதுதான் நமக்கு உயிர்நாடி. விடியலில் பெங்களூர் ரயிலேறி இருட்டிய பின் திரும்புகிறவரிடம் மத்தியான அன்னதானத்தை ஒப்படைத்தால், சாம்பாருக்கு உப்புப் போட ஆள் வராது.

இத்தனைக்கும் இது சுரங்க ஊர். சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. அன்று மேலே ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டை இயக்குகிறவருக்குக் கீழே நிற்பவர் முகம் தெரியாது, மணிதான் பேசும். எத்தனை அடித்தால் நிறுத்து, எத்தனை அடித்தால் இறக்கு என்று பலகையில் எழுதியிருக்கும். ‘பாத்துக்கலாம்’ என்பதற்கு மட்டும் மணி கிடையாது. 2001இல் சுரங்கத்தை மூடினார்கள். அந்தப் பலகைகளில் ஒன்றைக் கமிட்டி அறைக்குக் கேட்டு வாங்கியிருக்கலாம்.

வேலையை இப்படி எழுதிக் கொடுத்தால் “நான் என்ன கூலியாளா?” என்று கோபிப்பார்கள் என்பது எதிர்வாதம். சோழன் முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூரில் வாரியப் பெருமக்களுக்கு (அன்றைய கமிட்டிக்காரர்களுக்கு) வயது 35க்கு மேல் 70க்குள் என்பதிலிருந்து, கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் நிற்கக்கூடாது என்பது வரை கல்லிலேயே வெட்டினார்கள். ஒருவரும் கோபித்ததாகக் கல்வெட்டில் இல்லை.

அடுத்த ஆண்டுக் கமிட்டிக்கு ஒரு விண்ணப்பம். கௌரவத் தலைவர், செயல் தலைவர், ஆலோசகர் எல்லாரும் அப்படியே இருக்கட்டும். நோட்டீஸில் இடம் இருக்கிறது. இணைச் செயலாளர் யாரோடு, எந்த வேலையில் இணைந்தவர் என்பதை மட்டும் ஒரு வரி எழுதித் தாருங்கள். மைக் செட் சொல்லியாச்சு என்ற மூவரில் நானும் ஒருவன்.