நீச்சலுக்கும் மானியம்

சென்னை தி.நகர்க்காரர் நீந்த வேண்டுமானால் மாநகராட்சிக் குளத்தைத் தேடி மெரினாவுக்குப் போக வேண்டும். இல்லையென்றால் 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காக வேளச்சேரியில் கட்டிய குளத்துக்கு. பக்கத்திலேயே ஒரு குளம் கட்ட மானியம் கேட்டால் என்ன? 2013-இல் ஒரு ரூபாய்க்கு இட்லி போட்ட மாநகராட்சிதானே!

தாராளமாகக் கேட்கலாம். ஆனால் இந்தத் தி.நகரே 1920-களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து எழுப்பியதுதான். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்னும் இருக்கிறது. வியூ முழுக்க அடுக்குமாடி, பால்கனிக் கொடியில் காயும் வேட்டி. (மயிலாப்பூருக்குத் தெப்பக்குளம் உண்டு. அதில் சுற்றிவருகிற பாக்கியம் தைப்பூசத்தில் தெப்பமேறும் சுவாமிக்குத்தான்.)

வடகிழக்குப் பருவமழை மட்டும், யாரும் மனுப் போடாமலே வாசலில் குளம் கட்டித் தருகிறது. டிக்கெட் கிடையாது, நீச்சல் உடையும் கட்டாயமில்லை, ஸ்கூட்டரோடு இறங்கலாம்.