டெமரேஜ்

பெரியப்பா முதியோர் இல்லத்தில் சேர்ந்துவிட்டார் என்ற செய்தி ராயபுரத்தில் எங்கள் தெருவுக்குள் நுழைந்தபோது, அதைக் கேட்டவர்களில் ஒருவராவது அது எந்த ஊர், அங்கே சோறு எப்படி என்று விசாரிக்கவில்லை. எல்லோரும் ஏகமனதாக "ஐயோ பாவம்" என்றார்கள். வயதிலும் குரலிலும் எங்கள் குடும்பத்துக்கே மூத்தவளான என் அத்தை மட்டும், "கடைசியில கஞ்சித்தொட்டியில கொண்டுபோய் வுட்டுட்டானுங்களே!" என்று தலையில் கைவைத்துப் பிரலாபித்தாள்.

கஞ்சித்தொட்டி என்பது அத்தையின் கற்பனையன்று. ஹைதர் அலியின் யுத்தத்தை ஒட்டிப் பஞ்சம் வந்த 1782-ஆம் ஆண்டில், பசித்து வந்தவர்களுக்குக் கஞ்சி வார்ப்பதற்காக எங்கள் பேட்டையில் ஏற்பட்ட தர்மம் அது. மணியக்காரர் சத்திரம் என்பது அதன் சம்பிரதாயமான பெயர். அந்தச் சத்திரத்தை அண்டி வளர்ந்த வைத்தியசாலைதான் பிற்காலத்தில் ஸ்டான்லி என்னும் கவர்னரின் நாமத்தைச் சூட்டிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரி ஆயிற்று என்றாலும், எங்கள் கிழவிகள் கவர்னரை லட்சியம் செய்யாமல் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே அழைத்து வந்தார்கள். சத்திரமும் தன் பங்குக்கு ஆதரவற்ற முதியவர்களுக்கு நிழல் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆகையால், முதியோர் இல்லம் என்பது நேற்று மேனாட்டிலிருந்து கப்பலேறி வந்த நாகரிகம் என்று வேறு எந்தப் பேட்டைக்காரர் அங்கலாய்த்தாலும் நாங்கள் அங்கலாய்ப்பதற்கு நியாயமில்லை.

பெரியப்பா சேர்ந்ததோ சத்திரத்தில் அன்று. திருவொற்றியூரில், மாதாமாதம் பணம் கட்டித் தங்கும் ஓர் இல்லத்தில். யாரும் கொண்டுபோய் விடவுமில்லை. ஒரு தகரப் பெட்டியோடு தாமே ஆட்டோ பிடித்துப் போனார். இந்த வேற்றுமையை அத்தைக்கு விளக்கச் சென்ற நான், முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பியபோது, எனக்கே பெரியப்பா ஐயோ பாவம் என்று தோன்றலாயிற்று.

பெரியப்பா துறைமுகத்தில் டாலி கிளார்க்காக உத்தியோகம் பார்த்தவர். துறைமுகம் என்பது நான் எழுதுகிற வார்த்தை. அவர் வாயில் அது என்றைக்கும் ஆர்பர்தான். ஜவாஹர் டாக் திறக்கப்பட்ட 1964-இல் வேலைக்குச் சேர்ந்த அவருடைய உத்தியோகம் யாதெனில், கப்பலின் வயிற்றிலிருந்து கிரேன் தூக்கி இறக்கும் ஒவ்வொரு பாரத்திலும் எத்தனை மூட்டை என்று எண்ணி, நான்கு நிமிர்ந்த கோடுகளைப் போட்டு ஐந்தாவதை அவற்றின் குறுக்கே சாய்த்து, கிழிந்தது எத்தனை, நனைந்தது எத்தனை என்று குறித்துக்கொள்வது. 1983-இல் பெட்டிச் சரக்குகளுக்கென்று தனி முனையம் வந்ததை அவர் இன்றளவும் மன்னிக்கவில்லை. "உள்ளே இன்னா இருக்குன்னே தெரியாம பொட்டிய எண்றது ஒரு எண்ணிக்கையாடா?" என்பார்.

ஓய்வு பெற்ற பிறகு ஆர்பரில் எண்ணுவதற்கு இடமின்றிப் போகவே, வீட்டை எண்ணத் தொடங்கினார். மகனுடைய வீட்டில் மின்விசிறி எத்தனை மணி நேரம் வீணே சுழன்றது, பால் எத்தனை முறை பொங்கி வழிந்தது என்பனவெல்லாம் ஒரு நீண்ட நோட்டில் ஏறின. மருமகள் குணவதி, ஆயினும், தான் சுடுகிற தோசைகளுக்கு எதிரே ஒருவர் உட்கார்ந்து கோடு போடுவதை, அதிலும் தீய்ந்ததைத் தனியாகக் குறிப்பதை, எந்தக் குணவதிதான் எத்தனை வருஷம் சகிப்பாள்?

நான் விஜயம் செய்த தினத்தில், ஹார்லிக்ஸ் ஒன்று, ஆப்பிள் ஆறு, சோகமான முகம் ஒன்று ஆகியவற்றை ஆயத்தம் செய்துகொண்டு புறப்பட்டேன். திருவொற்றியூருக்கு மெட்ரோ ரயில் 2021-லேயே வந்துவிட்டது என்பதை அறியாதவன் அல்லேன். ஆனால் துக்கம் விசாரிக்கச் செல்பவன் குளிர்பதனப் பெட்டியில் போவது முறையாகாது என்ற அசட்டு எண்ணத்தினால், காசிமேட்டு வழியாக ஆட்டோவில் சென்றேன். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் டிரெய்லர்கள் ஆர்பருக்குள் போகத் தவம் கிடந்தன. அவற்றின் டிரைவர்கள் வண்டிக்கடியில் படுத்து உறங்குவதையும், ஒருவர் ஸ்டவ் மூட்டி மீன் குழம்பு கொதிக்க வைப்பதையும் நான் முழுவதுமாகப் பார்க்கும் அவகாசம் கிடைத்தது.

இல்லத்து வராந்தாவில், இஸ்திரி போட்ட சட்டையும் மடியில் நோட்டுமாகப் பெரியப்பா அமர்ந்திருந்தார். நான் தயாரித்து வைத்திருந்த முகத்தை அவர் கவனிக்கவேயில்லை. சுவர்க் கடிகாரத்தைத்தான் கவனித்தார்.

"இன்னாடா, நாலு மணின்னுட்டு நாலே முக்காலுக்கு வர்றே?"

"ரோட்டுல டிரெய்லர், பெரியப்பா."

"அது எப்பவும் இருக்கும். முன்னாடியே கெளம்பணும்," என்று சொல்லிவிட்டு, பையைத் திறந்து, ஆப்பிள்களை ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பார்த்து, நோட்டில் எழுதினார். எட்டிப் பார்த்தேன்: என் பெயர், நேரம், ‘ஹார்லிக்ஸ் 1, ஆப்பிள் 6, டேமேஜ் 1.’ ஹார்லிக்ஸ் மூடியில் பேனாவால் 7 என்று இலக்கமிட்டு, கட்டிலுக்கடியில் ஏற்கெனவே அணிவகுத்திருந்த ஆறு பாட்டில்களின் பக்கத்தில் சேர்த்தார்.

ஆறுதல் சொல்ல வந்தவன் அதைச் சொல்லித்தானே ஆகவேண்டும்? "அங்கேயே இருந்திருக்கலாம் பெரியப்பா" என்று மெல்ல ஆரம்பித்தேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "டேய், கப்பல்லேருந்து எறங்கின சரக்க ஷெட்டுல சும்மா வெச்சிருக்க இத்தினி நாளுன்னு கெடு உண்டு. அதுக்கு மேல எடுக்கலேன்னா நாளுக்கு நாள் டெமரேஜ் ஏறும். அந்த வூட்ல நான் டெமரேஜ் ஏறிக்கினு கெடந்த சரக்கு. யாரு மேலயும் தப்பு இல்ல. நானே டெலிவரி எடுத்துக்கினு வந்துட்டேன்."

இதற்கு மறுமொழி சொல்ல எனக்குத் தெரியவில்லை. நல்ல வேளையாக ஆயா தேநீர் கொண்டு வந்தாள்; வரும்போதே, "பெரியவரே, பதினெட்டு டம்ளர்" என்று தானாகக் கணக்கு ஒப்புவித்தாள். அவர் நான்கு கோடு போட்டு ஐந்தாவதைச் சாய்த்தார். இந்த இல்லத்தில் இவருடைய எண்ணிக்கையை வேண்டுகிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. காலை இட்லி, மாத்திரை, சலவைக்குப் போன வேட்டி எல்லாம் அவர் கோட்டுக்குள் அடக்கம். பக்கத்துக் கட்டில் வாத்தியாரோ, தம் வேட்டி ஒன்று குறைந்ததாக நோட்டில் பதிவாகியிருந்ததைப் பெருமையோடு எனக்குக் காட்டினார்.

பட்டினத்தார் செல்வத்தையெல்லாம் துறந்து வந்து அடங்கிய கடற்கரை இந்த ஊரில்தான் இருக்கிறது. அவர் கையிலிருந்த பேய்க்கரும்பு இனித்ததும் இங்கேதான் என்பார்கள். பெரியப்பாவுக்கோ சர்க்கரை வியாதி. தவிரவும், துறவிக்கு மாதந்தோறும் ஹார்லிக்ஸ் கொண்டு வரும் உறவினர் எவரும் இருந்ததாகத் தெரியவில்லை.

ஐந்தேகால் அடித்ததும் பெரியப்பா கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார். "அரை மணி ஃப்ரீ. அதுக்கு மேல டெமரேஜ்," என்றார். நான் எழுந்தேன். கட்டிலுக்கடியிலிருந்து 3 என்று இலக்கமிட்ட பாட்டிலை எடுத்து என் கையில் திணித்து, "உங்க அத்தைக்கு. கஞ்சித்தொட்டியிலேருந்து வந்துச்சுன்னு சொல்லு," என்றார்.

அத்தை அதை வாங்கி, கண்ணீர் மல்க அலமாரியில் வைத்தாள். அடுத்த மாதம் நான் புறப்படுகையில், "பாவம், அவருக்குத் தெம்பா இருக்கும்" என்று ஒரு பாட்டிலை என் பையில் போட்டனுப்பினாள். பெரியப்பா மூடியைத் திருப்பிப் பார்த்தார். தம் கையெழுத்தைச் சற்று நேரம் வாசித்தார். என்னை ஒன்றும் கேட்கவில்லை. நோட்டைப் பின்னோக்கிப் புரட்டி, மூன்றாம் இலக்கத்துக்கு எதிரே ‘ரிட்டர்ன், சீல் உடையவில்லை’ என்று எழுதி, எத்தனை நாள் அத்தை வீட்டில் தங்கியது என்று விரல் விட்டு எண்ணலானார்.