இழுவை அதிகாரம்: விருத்தியுரையுடன்

கேரவன் என்றவுடன் கோடம்பாக்கத்து நட்சத்திரங்கள் ஒப்பனை போடும் வண்டியை நினைப்பவர்கள் இத்துடன் விடைபெறலாம். இங்கே எடுத்துக்கொண்ட பொருள், ஆஸ்திரேலியாவில் பணி ஓய்வு பெற்ற தம்பதியர் கிப் ரிவர் ரோட்டின் 660 கிலோமீட்டரில், சரளைக்கல்லும் குறுக்கிடும் ஆறும் பாராமல் இழுத்துச் செல்லும் மூன்றரை டன் வீடு. அதை இழுக்கத் தக்க வண்டி யாது? ஆராய்ந்தவர் பலர், வாங்கியவர் சிலர். இரண்டையும் செய்தவர்கள் இன்னும் தவணை கட்டிக்கொண்டிருப்பதால் கருத்துக் கூற மறுத்துவிட்டார்கள்.

மூலம்: வண்டியின் தகடும் கையேடும். உரை: விற்பனையாளரின் வாய். மூலமும் உரையும் முரண்பட்டால் உரையையே கொள்க. மூலத்தைப் பிரிக்காமலே முன்னுரை எழுதிய பேராசிரியர்கள் இந்த நெறியை நமக்கு ஐயமறக் காட்டிச் சென்றிருக்கிறார்கள்.

நிறம்: வெள்ளை. செம்மண் மறுநாளே அதைத் திருத்திவிடும்.

எடை: ஃபோர்டு ரேஞ்சர், ஐசுசு டி-மேக்ஸ், டொயோட்டா லேண்ட்குரூசர் மூன்றின் விளம்பரமும் 3500 கிலோ என்றே ஓதும். வண்டியும் கேரவனும் சேர்ந்த உச்ச எடை, அதாவது ஜி.சி.எம்., கையேட்டின் உள்பக்கத்தில் இருப்பதால் அதை ஓதுவார் இல்லை. அது 5950 என்று கொள்வோம். 3500 போக மிச்சம் 2450. வண்டியின் வெற்றெடை 2100 என்றால் மீதி 350. அதற்குள் கணவர், மனைவி, இரும்பு புல்பார், வின்ச், இரண்டாம் பேட்டரி, கருவிப்பெட்டி அனைவரும் அடங்க வேண்டும். எதைக் கழற்றுவது என்ற கேள்வி எழுந்ததும் கணவர் மனைவியைப் பார்த்தார். மனைவி புல்பாரைப் பார்த்தார்.

பந்து எடை: கேரவனின் மூக்கு, வண்டியின் வாலில் உள்ள இழுவைப் பந்தை அமுக்கும் எடை இது. கேரவனின் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு என்பது வழக்கு. வண்டியின் தனி உச்ச எடையான ஜி.வி.எம்.மில் இதுவும் சேரும். ஆய்வுலகம் பிளந்தது இந்த இடத்தில்தான். 375 மில்லி பியர் டின் 24 கொண்டது ஒரு ஸ்லாப். ஆக 9 லிட்டர், ஏறத்தாழ 9 கிலோ. கேரவனின் குளிர்ப்பெட்டியில் இருக்கும்வரை அது கேரவனின் எடை. மாலை முகாமில் ஓட்டுநருக்குள் புகுந்தபின் அது வண்டியின் எடை. மொத்தம் மாறாமலே குற்றம் மட்டும் ஒரு தகட்டிலிருந்து இன்னொரு தகட்டுக்குக் குடிபெயர்கிறது (காண்க: நெருப்புக்கு வலப்பக்க மடக்கு நாற்காலி, இரண்டாம் டின்).

இதை மறுப்போர், விடிவதற்குள் பெரும்பகுதி புதரைச் சேர்ந்துவிடுவதால் அது இரு வண்டிக்கும் ஆகாது என்பர் (காண்க: அதே நாற்காலி, நான்காம் டின், இது இடப்பக்க நாற்காலியின் இடைச்செருகல் என்பாரும் உளர்). மூன்றாம் கொள்கை இன்னும் நுட்பமானது. காலி டின்களைக் கேரவனின் பின்புறப் பையில் குவித்தால் பின்பாரம் ஏறிப் பந்து எடை இறங்கும், கேரவன் வாலாட்டத் தொடங்கும் (காண்க: ஆறாம் டின், முற்பாதி, சொன்னவர் உறங்கிவிட்டதால் பிற்பாதி கிடைத்திலது, இறுதியில் வரும் நாய்க்குரைப்பு பாடமா பாடபேதமா என்பது முடிவாகவில்லை, சாம்பலில் விழுந்த ஓர் அடி மீட்கப்பட்டு, படித்துப் பார்த்தபின் மீண்டும் சாம்பலிலேயே இடப்பட்டது).

மூன்றையும் ஒப்பிட்டு முனைவர் பட்டம் பெற எண்ணுவோர் கேரவன் இழுத்திருக்க வேண்டியதில்லை. பாலைத்திணையில் பட்டம் வாங்கியவர்களை வெயிலில் நடந்தீர்களா என்று யார் கேட்டார்கள்?

பிரேக்: இரண்டு டன்னைத் தாண்டினால் கேரவனின் எல்லாச் சக்கரத்துக்கும் பிரேக் வேண்டும், கொக்கி கழன்றால் தானே பிடிக்கும் அமைப்பும் வேண்டும். சட்டம் தெளிவாக இருப்பதால் ஆய்வுக்கு உரியதன்று.

எஞ்சின்: லேண்ட்குரூசர் 200 வரிசையின் 4.5 லிட்டர் வி8 டீசல் போய், 2021இல் 300 வரிசையோடு 3.3 லிட்டர் வி6 வந்தது. முறுக்குவிசை 650இலிருந்து 700 நியூட்டன் மீட்டராகக் கூடியது. கூடியதை ஏற்காமல், கடல்கொண்ட குமரிக்கண்டத்துக்கு அழுவதுபோல் அந்த இரண்டு சிலிண்டருக்கு இன்றும் அழுகிறார்கள்.

ராம் 1500: 70 மில்லிமீட்டர் பந்து மாட்டினால் 4500 கிலோ இழுக்கும், 50 மில்லிமீட்டர் பந்தில் அதுவும் 3500தான். பெட்ரோல் பங்குக்காரர் இதன் புரவலர்.

ஐசுசு என்.பி.எஸ்.: மெய்யான லாரி. 5.2 லிட்டர், நான்கே சிலிண்டர், 419 நியூட்டன் மீட்டர். 600 உடைய வி6 ரேஞ்சர் முன்னால் காகிதத்தில் தலைகுனிந்து நிற்கும். ஆனால் சுமப்பதற்கென்றே பிறந்தது. 4.5 டன்னுக்குப் பதிந்தால் கார் உரிமமே போதும். தண்ணீர், புல்பார், மனைவி மூவரையும் ஒருங்கே ஏற்றிக்கொள்வதில் என் ஓட்டு இதற்கே. குறை ஒன்று: இருக்கை முன் அச்சின் தலைமேல் இருக்கிறது. சரளைப் பாதையின் ஒவ்வொரு வரியும் முதுகுத்தண்டில் தனித்தனியே அச்சாகும்.

வழியில் எடைமேடை உண்டு. ஏறி நின்றால் சீட்டு வரும். அப்படி ஒரு சீட்டை வலப்பக்க நாற்காலியிடம் காட்டினார்கள். எழுத்தின் வடிவை நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, இது பிற்காலத்தது என்று திருப்பிக் கொடுத்துவிட்டது.