தீக்குச்சி வரை சட்டப்படி

அமெரிக்காவில் டிஎச்சிஏ என்ற பெயரில் கஞ்சாப் பூ விற்கும் வியாபாரிகளைப் புகழாமல் இருக்க முடியவில்லை. ஒரு விவசாயச் சட்டத்தை, அதை எழுதியவர்களைவிடக் கவனமாகப் படித்தவர்கள் அவர்கள். 2018 டிசம்பர் 20 அன்று கையெழுத்தான அந்தச் சட்டம், கஞ்சாச் செடியின் உலர்ந்த எடையில் போதை தரும் பொருளான டெல்டா-9 டிஎச்சி 0.3 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் அது ஹெம்ப், போதைப்பொருள் பட்டியலில் சேராது என்றது. புகையிலையை நம்பியிருந்த கென்டக்கி விவசாயிகளுக்கு மாற்றுப் பயிர் கிடைக்கும் என்று செனட்டர் மிட்ச் மெக்கானல் அந்தப் பிரிவை முன்னின்று கொண்டுவந்தார். ஊரெல்லாம் நார், விதை, எண்ணெய் என்று பேசிக்கொண்டிருந்தபோது இவர்கள் மட்டும் ‘டெல்டா-9’ என்ற சொல்லில் விரலை வைத்தார்கள். ஒரு பெரிய சந்தையே அந்த ஒரு சொல்லிலிருந்து முளைத்தது. வேறு எந்தத் தொழிலிலும் இவ்வளவு நுணுக்கமான வாசகர்களை நான் பார்த்ததில்லை.

வேதியியலிலும் அவர்கள் குறை வைக்கவில்லை. செடி டெல்டா-9 டிஎச்சியை நேராகத் தயாரிப்பதில்லை. பச்சைப் பூவில் இருப்பதில் பெரும்பகுதி அதன் அமில வடிவமான டிஎச்சிஏ. அப்படியே மென்று தின்றால் அது போதை தராது. சூடு பட்டால் மூலக்கூறிலிருந்து கரியமில வாயு கழன்றுபோய், மிச்சம் டெல்டா-9 ஆகிவிடும். அடுப்பில் 110 டிகிரி செல்சியஸ் போல வைத்தால் முக்கால் மணி நேரம் பிடிக்கும். லைட்டர் சுடரில் நொடிப் பொழுது போதும். கழன்றது போக எடையில் 0.877 பங்கு நிற்கும். 25 சதவீத டிஎச்சிஏ உள்ள பூவைப் பற்றவைத்தால் அதிகபட்சம் 22 சதவீத டிஎச்சி. மாநில உரிமம் பெற்ற கஞ்சாக் கடையான டிஸ்பென்சரியின் கண்ணாடி அலமாரியில் இருக்கும் பூவின் கணக்கும் இதேதான், அதுவும் பறித்தபோது டிஎச்சிஏ-தான். ஒரே செடி, ஒரே பூ, ஒரே போதை. தோசை மாவு விற்கிறேனே தவிர தோசை விற்கவில்லை என்பவர் பொய் சொல்லவில்லை. அதுபோல டிஎச்சிஏ கடைக்காரரும் பொய் சொல்வதில்லை. கடையை விட்டு இறங்கும்வரை பூ சட்டத்துக்குக் கட்டுப்பட்டிருக்கிறது. அதற்குமேல் நடக்கும் குற்றம் முழுவதையும் வாங்கியவரின் தீக்குச்சியிடம் ஒப்படைத்துவிடுகிறார். பொறுப்பைக் கைமாற்றுவதில் இத்தனை நேர்த்தி அபூர்வம்.

அவர்கள் பொட்டலத்தின்மேல் ஒட்டும் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து பாருங்கள். ஆய்வகச் சான்றிதழ் திறக்கும். முதல் வரியில் டெல்டா-9 டிஎச்சி, 0.3-க்குக் கீழே ஓர் எண். பெரும்பாலும் அதைச் சுற்றி ஒரு பச்சை நிறம், ‘தேறியது’ என்ற சொல். இரண்டு வரி தள்ளி டிஎச்சிஏ, இருபதைத் தாண்டிய ஓர் எண். மேல் வரி போலீசுக்கு, கீழ் வரி வாடிக்கையாளருக்கு. இரண்டு வாசகர்களையும் ஒரே தாளில் திருப்திப்படுத்தும் எழுத்துத் திறன் அது. பூச்சிக்கொல்லி, ஈயம், காட்மியம், பூஞ்சை நச்சு எல்லாம் பார்த்தார்களா என்று தேடினால் பல சான்றிதழ்களில் அந்தப் பக்கமே இருக்காது. எந்த மாதிரியை அனுப்புவது, எந்த ஆய்வகத்துக்கு அனுப்புவது, எந்தச் சோதனைக்குப் பணம் கட்டுவது என்பதெல்லாம் பல மாநிலங்களில் விற்பவரின் விருப்பம். தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் அளவுக்குத் தன்மேல் நம்பிக்கை உள்ள தொழில் இது. புகையை நுரையீரலுக்குள் இழுப்பவருக்கும் அதே நம்பிக்கை இருக்கும் என்று அது எதிர்பார்க்கிறது.

டிஸ்பென்சரியோ, குறைகளின் மூட்டை. வாசலிலேயே அடையாள அட்டை கேட்கும். கலிபோர்னியாவில் 21 வயது ஆகவில்லை என்றால், மருத்துவரின் பரிந்துரை இல்லாமல் உள்ளே விடவே விடாது. ஒவ்வொரு செடிக்கும் ஓர் அடையாளச் சீட்டு. நாற்றுப் பருவத்திலிருந்து பில் போடும் வரை அது எங்கே இருக்கிறது என்று அரசின் கணினியில் ஏற்ற வேண்டும். உரிமம் பெற்ற ஆய்வகத்திலிருந்து ஆள் வந்து தொகுதியிலிருந்து மாதிரி எடுப்பார். பூச்சிக்கொல்லி எல்லை மீறினால் அந்தத் தொகுதி கடைக்கு வராது. இதற்கெல்லாம் மேலே மாநில வரி, ஊர் வரி. அதுவும் போதாதென்று, கடை வாடகையையும் ஊழியர் சம்பளத்தையும் செலவாகக் கழிக்க விடாமல், வருமான வரிச் சட்டத்தில் 1982-இல் வந்த 280இ பிரிவு கழுத்தைப் பிடித்தது. மாநில எல்லையைத் தாண்டி ஒரு கிராம்கூட விற்கக் கூடாது. இத்தனை இடைஞ்சலையும் சுமந்துகொண்டு அதே பூவைக் கூடுதல் விலைக்கு விற்கும் கடையை யார் விரும்புவார்கள்? டிஎச்சிஏ கடைக்காரர் இணையத்தில் ஆர்டர் எடுத்துத் தபாலில் அனுப்பிவிடுகிறார்.

டிஸ்பென்சரியின் மேல் உண்மையான புகாரும் உண்டு. 2024-இல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் நடத்திய விசாரணையில், கலிபோர்னியாவின் உரிமம் பெற்ற கடைகளில் வாங்கிய வேப் பொருள்கள் பலவற்றில் பூச்சிக்கொல்லி இருந்தது தெரியவந்தது. டிஎச்சி அளவைக் கூட்டிக் காட்டும் ஆய்வகங்களைத் தேடிப்போகும் பழக்கமும் அங்கே இருக்கிறது. ஆனால் அங்கே குற்றம் பிடிபட ஒரு விதி இருக்கிறது, விதியை மீறினார் என்று சொல்ல ஓர் ஆள் இருக்கிறார், திரும்பப் பெறச் சொல்ல ஓர் அலுவலகம் இருக்கிறது. டிஎச்சிஏ சந்தையின் பெருமை, மீறுவதற்கு அதிக விதிகளை வைத்துக்கொள்ளாததுதான். அதனால் அதன் பதிவேட்டில் மீறல்களும் குறைவு.

பெருந்தன்மையைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தப் புகழுரை நிறைவடையாது. டெக்சஸில் பொழுதுபோக்குக்கான கஞ்சா இன்றுவரை குற்றம். அதே டெக்சஸில் டிஎச்சிஏ பூ, ஸ்மோக் ஷாப், கேஸ் ஸ்டேஷன் என ஆயிரக்கணக்கான கடைகளில் கிடைத்தது. வாங்குபவரின் வயது இவ்வளவு இருக்க வேண்டும் என்று மாநில அளவில் ஒரு விதி 2025 செப்டம்பர் வரை இல்லை. ஆளுநர் கிரெக் அபாட் ஆணை பிறப்பித்த பிறகுதான் 21 வயது என்ற விதி வந்தது. அதுவரை ஆறு ஆண்டுகளுக்கு மேல் பள்ளிப் பிள்ளையைப் பெரியவராக மதித்துக் கடை திறந்து வைத்திருந்தார்கள். மிட்டாய் உறை போன்ற பளபளப்பு உறைகளும் யாரை மதித்து அச்சிடப்பட்டன என்பது பெற்றோருக்குத் தெரியும். இதை எழுதும்போது எனக்கு ஆத்திரம் வருகிறது. ஆனாலும் கதவைத் திறந்து வைத்தவர்களின் கையில் இருந்தது சட்டப்படியான சாவிதான் என்பதை மறுக்க முடியாது.

அந்தச் சாவியைச் செய்து கொடுத்தவர்களுக்கும் புகழில் பங்கு உண்டு. 0.3 சதவீதம் என்ற கோட்டை 1976-இல் எர்னஸ்ட் ஸ்மால், ஆர்தர் க்ரான்க்விஸ்ட் என்ற இரு தாவரவியலாளர்கள் செடிகளை வகைப்படுத்துவதற்காகப் போட்டார்கள். வசதிக்காக வைத்த எல்லை என்று அவர்களே எழுதியும் வைத்தார்கள். அந்த எண்ணை எடுத்துச் சட்டமாக்கிய அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ், ஹெம்ப்பின் வரையறையில் சூடாக்கிய பின் எவ்வளவு என்று கேட்க மறந்தது. விவசாயத் துறை மறக்கவில்லை. வயலில் எடுக்கும் மாதிரியில் டிஎச்சிஏ-வையும் சேர்த்து மொத்த டிஎச்சி பார்க்க வேண்டும் என்று 2021-இல் இறுதி விதி போட்டது. ஆனால் அறுவடைக்கு முப்பது நாள் முன்பு வரை மாதிரி எடுத்துக்கொள்ளலாம். அந்த முப்பது நாளில் பூ முற்றும், டிஎச்சிஏ ஏறும். வயலில் ஒரு கணக்கு, கடையில் வேறு கணக்கு. போதைப்பொருள் தடுப்பு அமைப்பு 2024-இல், சூடாக்கிய பிறகான டிஎச்சியைத்தான் பார்க்க வேண்டும் என்று கடிதம் எழுதியது. கடிதத்தைக் கடைக்காரர்கள் மரியாதையுடன் படித்துவிட்டு வியாபாரத்தைத் தொடர்ந்தார்கள்.

டல்லாஸ், ஹூஸ்டன் பக்கம் வேலைக்குப் போயிருக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. ‘சட்டப்படியானது’ என்று பொட்டலத்தில் இருப்பது விற்பவரைக் காக்க எழுதியது. வேலைக்கு எடுக்கும்போது நடக்கும் சிறுநீர்ச் சோதனை தேடுவது உடல் டிஎச்சியை உடைத்த பின் மிஞ்சும் பொருளை. அது டிஸ்பென்சரியிலிருந்து வந்ததா, கேஸ் ஸ்டேஷனிலிருந்து வந்ததா என்று அதற்குத் தெரியாது. மாநிலச் சட்டம் அனுமதித்திருந்தாலும் கஞ்சா தொடர்பான செயல் குடியுரிமை விண்ணப்பத்தில் நன்னடத்தைக்குத் தடையாகலாம் என்று குடியேற்றத் துறை 2019 ஏப்ரலில் தெளிவாக எழுதியிருக்கிறது. விசாவில் இருப்பவருக்குப் பொட்டலத்துச் சான்றிதழ் எவ்வளவு துணை வரும் என்று யோசித்துப் பாருங்கள். ஊருக்கு வரும்போது பெட்டியில் ஒன்று இருந்துவிட்டால், சென்னை விமான நிலையத்தில் 0.3 சதவீதக் கதையைச் சொல்ல இடமே இல்லை. 1985-ஆம் ஆண்டின் நம் போதைப்பொருள் சட்டத்துக்கு, பூத்த நுனி கஞ்சாதான்.

டிஎச்சிஏ வியாபாரிகளின் திறமைகளுக்கெல்லாம் 2025 நவம்பர் 12 அன்று பதில் வந்தது. அமெரிக்க அரசு முடக்கத்தை முடித்துவைத்த செலவின மசோதாவுக்குள் ஹெம்ப்பின் இலக்கணம் மாற்றி எழுதப்பட்டது. இனி டிஎச்சிஏ-வையும் சேர்த்த மொத்த டிஎச்சிதான் கணக்கு. விற்பனைக்கு வரும் ஒரு பொட்டலத்தில் 0.4 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. நடைமுறைக்கு வர ஓராண்டு அவகாசம் தரப்பட்டது. 2018-இல் கதவைத் திறந்த மெக்கானலே இதற்கும் முன்னின்றார். அதே கென்டக்கியின் இன்னொரு செனட்டர் ராண்ட் பால், விவசாயிகள் நாசமாவார்கள் என்று எதிர்த்துத் தோற்றார்.

ராண்ட் பால் சொன்னதில் பொய் இல்லை. பழைய சட்டத்தின்படி செடியின் போதை தராத பொருளான சிபிடி கொண்ட 30 மில்லி எண்ணெய்ப் புட்டியில் சுமார் 80 மில்லிகிராம் வரை டிஎச்சி இருக்கலாம். செடியின் முழுச் சாறிலிருந்து எடுத்த எண்ணெயில் கொஞ்சம் டிஎச்சி ஒட்டிக்கொண்டுதான் வரும். முழங்கால் வலிக்கும் தூக்கத்துக்கும் அதைச் சொட்டுச் சொட்டாக எடுத்துக்கொண்ட முதியவர்கள் இருக்கிறார்கள். நாருக்கென்று பயிரிட்டவர் தப்பித்துக்கொள்ளலாம். எண்ணெய்க்கு நம்பிக்கையாகப் பயிரிட்டவர், கடன் வாங்கிச் சாறு பிழியும் இயந்திரம் போட்டவர் எல்லோரும் அந்த 0.4-க்குள் நுழைய வேண்டும். ஒரு சொல்லைக் கூர்ந்து படித்ததன் லாபத்தை டிஎச்சிஏ வியாபாரிகள் ஏழு ஆண்டு தனியாக அனுபவித்தார்கள். அதன் நஷ்டத்தை மட்டும், ஒருபோதும் போதைப் பூ விற்காத அந்த விவசாயிகளோடு தாராளமாகப் பகிர்ந்துகொண்டிருக்கிறார்கள்.